மணிக்கட்டுப் பிடி

அந்தச் சுவரை நான் முதலில் பார்த்தது தெருவில் நின்று. பனி கரைந்து நடைபாதையெல்லாம் சேறாகக் கிடந்த ஏப்ரல் மாதம். குளிர்கோட்டின் சிப் பழுதாகிப்போய், அதைத் தைக்கக் கொடுத்துவிட்டு, டவுன்டவுனின் கிழக்குப் பக்கத்திலிருந்து மெட்ரோவுக்கு நடந்துகொண்டிருந்தேன். வழியில் ஒரு பழைய உடுப்புத் தொழிற்சாலைக் கட்டடம். கீழ்த்தளத்தில் உயரமான கண்ணாடி ஜன்னல்கள். உள்ளே கறுப்பு உடை போட்ட வளர்ந்த மனிதர்கள், ஒருவர் பின் ஒருவராக ஓடிவந்து ஒரு மரச்சுவரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பிடித்து ஏறவில்லை. தரையில் ஓடிவந்த அதே ஓட்டத்தை நிறுத்தாமல் சுவரிலும் ஓடினார்கள். பெரும்பாலானவர்கள் விழுந்தார்கள். மெத்தையில் உருண்டு எழும்பி, சிரித்துக்கொண்டே வரிசையின் கடைசிக்குப் போனார்கள்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் அக்கா குடும்பத்தோடு இருந்தேன். அங்கேயே கார்டரி என்கிற பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் மூன்று வயதுப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. நாள் முழுக்க அவர்கள் என் முதுகிலும் தோளிலும் ஏறுவார்கள். கனடா வந்த பிறகு நான் ஓடியதென்றால் அது பஸ்ஸைப் பிடிக்கத்தான். ஜன்னலுக்கு வெளியே எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, உள்ளேயிருந்து ஒருவர் கதவைத் திறந்து, "பொஞ்சூர், குளிருக்குள்ள நிக்காம வந்து பாருங்க" என்று பிரெஞ்சில் கூப்பிட்டார். போனேன்.

கூப்பிட்டவர்தான் ஆசிரியர். கியூபெக் மனிதர், ஐம்பதை நெருங்கியவர். இளம் வயதில் ஜப்பானில் சில காலம் இருந்து, நிஞ்சாக்களின் கலை என்று சினிமாக்காரர்கள் கெடுத்துவைத்திருக்கிற அந்தப் பழைய போர்க்கலையைப் படித்துவிட்டு வந்தவர். ஆசிரியரைக் குறிக்கிற ஜப்பானியச் சொல்லால் எல்லாரும் அவரைச் சென்செய் என்றார்கள். நானும் அப்படியே கூப்பிடப் பழகினேன்.

வீட்டில் சொன்னபோது அக்கா சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"கலியாணம் கட்டுற வயசில சுவரில ஓடப்போறியா? ஆர் துரத்துறான் உன்னை?"

"ஒருத்தரும் துரத்தல்ல அக்கா. அதான் ஆசையா இருக்கு."

அக்கா எனக்குச் சோற்றைப் போட்டுக்கொண்டே, "விழுந்து பல்லை உடைச்சிட்டு வராத" என்றார். அதுதான் சம்மதம்.

பிறகு என் சிநேகிதியான அவளை நான் சந்தித்தது முதல் நாள் வகுப்பில், உடைமாற்றும் அறையில். உயரமாக, நீண்ட கைகளோடு இருந்தாள். நான் புதுச் சப்பாத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் தனியாகப் பிரிந்த துணிச் சப்பாத்து அது. பின்பக்கம் வரிசையாகக் கொளுக்கிகள். எரிச்சலில் வாய்க்குள் என்னவோ முணுமுணுத்திருக்கிறேன்.

"நீங்க தமிழா?" என்றாள் அவள்.

"ஓம்."

"ஓம்னா? அய்யோ, ஸ்ரீலங்காவா! சூப்பர். நான் சென்னை. சின்ன வயசுலயே வந்துட்டோம்."

அவளும் என் வயதுதான். டவுன்டவுனில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அப்பா அம்மா இரண்டு பேரும் டாக்டர்கள். நகரத்துக்கு வெளியே கர்க்லாண்டில் பெரிய வீடு. எனக்குக் குனிந்து கொளுக்கிகளைப் போட்டுவிட்டாள். அன்றைக்கே வகுப்பு முடிந்து மெட்ரோ மேடையில் நின்று, இரண்டு ரயில்களைப் போகவிட்டுக் கதைத்தோம். நான் "பேந்து" என்றால் அவள் சிரிப்பாள், அவள் "செம்ம" என்றால் நான் சிரிப்பேன். சில வாரங்களில் நீங்கள் போய் நீ வந்துவிட்டது. இந்த ஊருக்கு வந்து எனக்கென்று நானே தேடிக்கொண்ட முதல் சிநேகிதி அவள்தான். மற்றவர்கள் எல்லாம் அக்காவின் ஆட்கள், அத்தானின் ஆட்கள்.

சுவரில் ஓடுவதை அவர்கள் பலகையில்தான் தொடங்குவார்கள். தடித்த நீளப் பலகை ஒன்றைச் சுவரில் நன்றாகச் சாய்த்து வைப்பார்கள். அதில் ஏறி ஓடுவது பிள்ளைகள் சறுக்குமரத்தில் ஏறுவது போலத்தான். மாதம் போகப்போகப் பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துவார்கள். உடம்புக்குத் தெரியாமல் அதை ஏமாற்றுகிற மாதிரி. கடைசியில் பலகை சுவரோடு ஒட்டி நிற்கும். பிறகு ஒருநாள் அதை எடுத்துவிடுவார்கள்.

சுவரை உதைக்கக் கூடாது. உதைத்தால் அது உங்களைத் திருப்பி உதைத்து மல்லாக்கத் தள்ளிவிடும். பாதத்தை மேலிருந்து கீழாக வழித்துவிட வேண்டும், சுவரைத் தரைக்குள் தள்ளப்போகிறவர்போல. காலைப் பார்க்கக் கூடாது, விளிம்பைப் பார்க்க வேண்டும். பார்க்கிற இடத்துக்குத்தான் உடம்பு போகும். இதையெல்லாம் சென்செய் சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. விழுந்து விழுந்துதான் விளங்கியது. பலகை எடுத்த பிறகு முதல்முறையாக என் விரல்கள் சுவரின் விளிம்பில் கொளுவிய அன்றைக்கு, நான் அங்கேயே தொங்கிக்கொண்டு தமிழில் கத்தினேன். கீழே அவள் துள்ளிக்கொண்டு நின்றாள்.

"ஏறிடு! ஏறிடுடி! விட்டுடாத!"

ஓட்டத்தில் நான் அவளைவிடச் சுறுசுறுப்பு. பாரம் குறைவு, பயமும் குறைவு. அவளுக்குக் கைகளில் பலம். அதனால் இரண்டுபேராக ஏறுகிற முறைக்குச் சென்செய் எங்களைச் சோடியாக்கினார். நான் சுவரடியில் குனிந்து நிற்பேன். அவள் ஓடிவந்து என் முதுகில் காலை வைத்து மேலே போவாள். மேலே குப்புறப் படுத்து, ஒரு காலைச் சுவரின் மறுபக்கம் போட்டுக் கொளுவிக்கொண்டு, ஒரு கையைக் கீழே நீட்டுவாள். நான் பின்னுக்குப் போய் ஓடிவந்து, சுவரில் அடிவைத்து எழும்பி அந்தக் கையைப் பிடிப்பேன். விரல்களைப் பிடிப்பதில்லை. என் கை அவள் மணிக்கட்டை, அவள் கை என் மணிக்கட்டை. ஒருவர் பிடி நழுவினாலும் மற்றவர் பிடி இருக்கும். அவள் இழுக்கிற இழுவையில் மற்றக் கையால் விளிம்பைப் பிடித்து நான் மேலே போய்விடுவேன்.

அதை நாங்கள் எத்தனையோ தரம் செய்திருக்கிறோம். ஒருதரம்கூட அந்தக் கை என்னை விட்டதில்லை.

அந்த முதல் மாரியில் ஒரு சனிக்கிழமை, கர்க்லாண்டில் அவள் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து அவித்த சோளம் தின்றுகொண்டிருந்தோம். வெளியே பனி கொட்டியது. "உனக்கு ஏன்டி பயமே இல்ல, முன்னாடியே சுவரேறிக் குதிச்சிருக்கியா?" என்று அவள் கேட்டாள். அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னேன்.

மட்டக்களப்பில் நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம். ஒரு காலையில் பள்ளியைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். ஆமிக்காரர் முன்வாசலால் வர, வலைப்பந்து ஆடிக்கொண்டிருந்த நாங்கள் பின்பக்கம் ஓடினோம். அங்கே ஒரு மதில். எங்கள் அணியில் உயரமான பிள்ளை ஒருத்தி குனிந்து தோளைக் கொடுத்தாள். நான் ஓடிவந்து அதில் ஏறி மதிலுக்கு அப்பால் குதித்தேன். விழுந்தது ஒரு பாயில். பாய் நிறையக் காய்ந்த செத்தல் மிளகாய். அதற்குப் பிறகு எனக்குத் தும்மல் நிற்கவில்லை. அந்த வீட்டுக்காரி என்னைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டுபோய், வாயைப் பொத்தி, "தும்மாத மனே, தும்மாத மனே" என்று கெஞ்சுகிறார். சொல்லச் சொல்ல அவருக்கும் தும்மல். கோழிகள் வேறு. அன்றைக்கு எங்கள் பிள்ளைகள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மத்தியானம் விசாரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதனால்தான் அதை வைத்து எங்களால் வருடக்கணக்காகச் சிரிக்க முடிந்தது.

அவளும் சிரித்தாள். சோளம் புரையேறும்வரை சிரித்தாள். நான் அவளிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன்.

"இதை இங்க ஒருத்தருக்கும் சொல்லாத. இவங்களுக்குச் சொன்னா முகம் மாறிடும். மறுகா என்னைப் பார்க்கிற பார்வையே வேற."

"சீ, நான் எதுக்குச் சொல்லப்போறேன்" என்றாள்.

அடுத்த கோடையில், ஒரு பூங்காவில் நடக்கும் கொண்டாட்டத்தில் எங்கள் வகுப்பு செய்துகாட்ட வேண்டும் என்று வந்தது. அதற்கு முதல் வாரம் சென்செய் இன்னொன்றும் சொன்னார். இலையுதிர் காலத்தில் ஜப்பானுக்குப் போகிறார், கூட ஒரு மாணவரைக் கூட்டிப்போவார். அவள் அதற்கு ஆசைப்பட்டது எனக்குத் தெரியும். எனக்கு அந்த ஆசை இல்லை. கார்டரியில் அவ்வளவு விடுமுறை தரமாட்டார்கள், குடியுரிமைக் கடவுச்சீட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. "உனக்குத்தான் கிடைக்கும்" என்று நானே அவளிடம் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

பூங்காவில் சுவரை நிறுத்தியது எங்களோடு படித்த ஒரு தச்சர். நல்ல மனிதர், தாடிக்காரர், எப்போதும் சட்டைப்பையில் பென்சில் இருக்கும். புல்தரை மேடுபள்ளம் என்பதால் சுவருக்குப் பக்கத்தில் சாய்வாக மரமுட்டுகள் கொடுத்திருந்தார். மெத்தைகளைச் சுற்றிப் போட்டோம். சனம் நிறைய. அக்காவும் பிள்ளைகளோடு வந்து முன்வரிசையில் நின்றார்.

எங்கள் முறை வந்தது. நான் குனிந்தேன். அவள் என் முதுகில் காலை வைத்து ஏறிப்போனாள். பின்னுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். கை கீழே நீண்டு தயாராக இருந்தது. ஓடினேன். சுவரில் அடிவைத்தபோது அது மெல்ல ஆடுவது பாதத்தில் தெரிந்தது. ஆனாலும் ஏறினேன், கையைப் பிடித்தேன், அவளும் பிடித்தாள். அந்த நேரம் சுவர் இன்னும் ஒருதரம் முன்பக்கமாக அசைந்தது. மேலே அவள் முகத்தைப் பார்த்தேன். என்னோடு சேர்ந்து தானும் தலைகீழாக வரப்போகிறேன் என்று அவள் நினைத்தது அந்த முகத்தில் தெரிந்தது.

அவள் விரல்கள் திறந்தன. என் பிடி இன்னும் இருந்தது. அவள் தன் மணிக்கட்டை என் கட்டைவிரல் பக்கமாகத் திருகி, ஒரு சுண்டுச் சுண்டி இழுத்தாள்.

இதை விளங்கப்படுத்த வேண்டும். யாராவது உங்கள் மணிக்கட்டைப் பிடித்தால் எப்படிக் கழற்றிக்கொள்வது என்பது அந்தக் கலையில் முதலில் படிப்பிக்கிற பாடம். பிடியில் பலவீனமான இடம் கட்டைவிரல். அந்தப் பக்கமாகத் திருகினால் எந்தப் பிடியும் திறக்கும். நாங்கள் இருவரும் ஒருவர் கையில் ஒருவர் அதைப் பழகியிருக்கிறோம். நழுவுகிற கை எப்படி இருக்கும் என்றும் எனக்குத் தெரியும். தோல் இழுபடும், எரியும். இது எரியவில்லை. திருத்தமாகக் கழன்றது.

நான் மெத்தையின் ஓரத்தில் விழுந்து, அங்கிருந்து மரமுட்டில் அடிபட்டேன். வலது மணிக்கட்டு உள்ளே முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அக்கா கத்தியதும் கேட்டது.

ஆசுபத்திரியில் கைக்கு மாவுக்கட்டு வைத்துப் பத்துப் போட்டார்கள். மறுநாள் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். தயிர்ச்சாதமும் மாதுளம்பழமும் கொண்டுவந்திருந்தாள், மாதுளம்பழத்தை உரித்தும் தந்தாள். நான் அவளை ஒன்றும் கேட்கவில்லை. பயத்தில் செய்துவிட்டாள், அது யாருக்கும் வரக்கூடிய பயம்தான். சுவர் விழுமென்று நினைத்தால் உடம்பு தன்னைத்தான் முதலில் பார்க்கும். அவளாகவே சொல்வாள், சொன்னதும் "பரவாயில்ல" என்று நான் சொல்ல வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல் என் வாயில் தயாராகவே இருந்தது. அவள் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, "ரெஸ்ட் எடு" என்று சொல்லிப் போய்விட்டாள்.

சில வாரம் கழித்து, பத்துப் போட்ட கையோடு வகுப்பைப் பார்க்கப் போனேன். கார்டரிப் பிள்ளைகள் பத்து முழுக்க நத்தைகளும் சூரியன்களும் கீறியிருந்தார்கள். அதைக் காட்டிச் சிரிப்போம் என்றுதான் போனேன். ஆனால் நான் உள்ளே போனதும் எல்லாரும் மெல்லக் கதைத்தார்கள். நான் உட்கார ஒருவர் ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்தார். அவள் அன்றைக்கு வரவில்லை. இடைவேளையில் தச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தாடியைத் தடவிக்கொண்டார்.

"சுவரை நான் இன்னும் நல்லா முட்டுக் கொடுத்திருக்க வேணும்" என்றார் பிரெஞ்சில். "எனக்கு நித்திரையே இல்லை. பிறகு உன் சிநேகிதி சொன்னபோதுதான் கொஞ்சம் விளங்கிச்சு."

"என்ன சொன்னா?"

அவர் என் பத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உன் நாட்டில நடந்ததை. ராணுவம் துரத்தினபோது நீ சுவரில ஏறினது. உன்னைத் தூக்கிவிட்ட பிள்ளைகள் திரும்பி வராதது. சுவர் ஆடினவுடனே உனக்கு அதெல்லாம் வந்து, நீ உறைஞ்சுபோய்ப் பிடியை விட்டுட்டாய் என்று. ஒரு குழந்தைக்கு அப்படி நடக்கக் கூடாது. யாரும் உன்னைக் குறைசொல்லவில்லை."

என்னை உயரே தூக்கிவிட்ட அந்தப் பிள்ளை திருகோணமலையில் கலியாணம் கட்டி, இரட்டைப் பிள்ளைகளோடு இருந்தாள். அதற்கு முந்திய டிசம்பரிலும் எனக்கு நத்தார் வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தாள். மெட்ரோவில் வீட்டுக்குப் போகும்போது என் உடம்பு முழுக்கச் சுட்டது. அழுகை வரவில்லை. யாரோ என் உடுப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் போவதைப் பார்த்ததுபோல இருந்தது.

அந்தச் சனிக்கிழமை கர்க்லாண்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவளுடைய அம்மா. அன்பான மனுசி. என்னைக் கண்டதும் பத்துப் போட்ட கையைத் தன் இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டார்.

"வாம்மா. எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கே, இவ்வளவு நாள் எங்ககிட்டச் சொல்லவே இல்லையே. அவ சொன்னப்போ எனக்கு ரெண்டு நாள் சாப்பாடே எறங்கல."

அவள் படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நிலவறைக்கு இறங்கிப் போனோம். கதவைச் சாத்தியதும் கேட்டேன்.

"நான் பிடியை விட்டன் எண்டு சொன்னியா?"

"கத்தாத. அம்மாவுக்குக் கேக்கும்."

"சொன்னியா இல்லையா?"

"அன்னைக்கு எல்லாரும் என்னைச் சுத்தி நின்னாங்க. சென்செய் என்ன ஆச்சுன்னு கேட்டாரு. என் வாயில அதான் வந்துச்சு. உன் மேல தப்பு வராத மாதிரிதானே சொன்னேன்? நீ கவனமில்லாம விட்டேன்னா சொன்னேன்? உனக்காகத்தான்டி சொன்னேன்."

"நீதானே கையைக் கழட்டினது."

அவள் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நீண்ட கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். அந்தக் கைகளைப் பார்க்க எனக்கு அப்போதும் ஒரு பாசம் வந்தது. அதுதான் இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"ஆமா" என்றாள். "பயந்துட்டேன். செத்துடுவேன்னு நெனச்சேன். யோசிக்கவே இல்ல, கை தானாத் திரும்பிடுச்சு."

"அது எனக்குத் தெரியும். அதுக்கு எனக்குக் கோபமில்ல. அதைப் போய் அவங்களிட்டச் சொல்லு."

"இப்பவா? எல்லாம் முடிவாயிடுச்சுடி. என்னைத்தான் கூட்டிட்டுப் போறாரு. மேல நின்னு பார்ட்னர் கையை விட்டவளை யாரு ஜப்பானுக்குக் கூட்டிட்டுப் போவாங்க? நீ எப்படியும் போகப்போறதில்ல. உனக்கு இதுல என்ன நஷ்டம், சொல்லு?"

அவள் உண்மையாகவே கேட்டாள். எனக்கு என்ன நஷ்டம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அந்தப் பிள்ளைகள் செத்தது எண்டு ஏன் சொன்னாய்?"

"நான் அப்படிச் சொல்லவே இல்ல! அவங்களாக் கேட்டாங்க, அந்தப் பொண்ணுங்களுக்கு என்ன ஆச்சுன்னு. நான்... பதில் சொல்லாம இருந்துட்டேன். அவ்வளவுதான்."

மேலே அவளுடைய அம்மா கோப்பி கொண்டுவரட்டுமா என்று கேட்டார். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பஸ் நெடுஞ்சாலையால் ஓடி நகரத்துக்குள் வரும்வரை, நான் அவளிடம் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். அக்காவோடு போட்ட சண்டை, எனக்குப் பேசி முறிந்த கலியாணம், இரவில் வருகிற கனவு. எல்லாம் இப்போது அவளுடைய கையில் இருந்தன. தேவைப்படும்போது எடுப்பாள். எடுத்துவிட்டு உனக்காகத்தான் என்பாள்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"நான் முன்னுக்கு நிண்டு பார்த்தனான்தானே" என்றார். "அவ கையை உதறினவ. உனக்குச் சொன்னா மனசு நோகும் எண்டுதான் சொல்லாம இருந்தன். அவங்களிட்டப் போய்க் கதை. நானும் வாறன்."

அக்காவுக்குப் பிரெஞ்சு தெரியாது. நான் தனியாகத்தான் போனேன். வகுப்பு தொடங்கமுன் சென்செய் என்னைத் தன் சின்ன அறையில் இருத்தி, பச்சைத் தேநீர் ஊற்றித் தந்தார். என் பிரெஞ்சு மூன்று வயதுப் பிள்ளைகளிடம் படித்த பிரெஞ்சு. தள்ளாதே, பகிர்ந்து விளையாடு, யார் முதலில் அடித்தது. அந்தச் சொற்களை வைத்துக்கொண்டுதான் நடந்ததைச் சொன்னேன். அவள் விட்டாள், நான் விடவில்லை, மணிக்கட்டை இப்படித் திருகினாள் என்று பத்துப் போட்ட கையாலேயே செய்துகாட்டினேன். அவர் இடையில் ஒருதரமும் மறித்துப் பேசவில்லை.

முடிந்ததும் மிகவும் மெதுவாகச் சொன்னார்: "அப்படிப்பட்ட நேரத்தில் மனம் நடந்ததைத் துண்டுதுண்டாக்கி வேறு மாதிரி ஒட்டிக்கொள்ளும். உன்னைப்போலக் கஷ்டத்துக்குள்ளால் வந்தவர்களுக்கு அது இயல்பு. நீ பொய் சொல்கிறாய் என்று நான் நினைக்கவில்லை."

"என் அக்காவும் பார்த்தவர்."

"உன் அக்கா உன்னை நேசிக்கிறார்" என்றார்.

நான் என்ன சொன்னாலும் அது அவள் சொன்ன அந்தக் கதைக்குள் போய் விழுந்துவிடும். கோபப்பட்டால் அதுவும் காயத்தின் அடையாளம். பேசாமல் இருந்தால் அதுவும்தான். அவர் என் மனம் நோகாமல் இன்னொன்றும் சொன்னார். கை ஆறியதும் சுவர் வேண்டாம், மூச்சுப்பயிற்சி வகுப்பில் சேரலாம், அது எனக்கு நல்லது.

பத்து வெட்டிய பிறகு கை மெலிந்து, வெளிறிப்போய், என்னுடையதல்லாததுபோல இருந்தது. முழுதாகத் திரும்பவில்லை. இன்றைக்கும் போத்தல் மூடியைத் திறக்க இடதுகையைத்தான் நீட்டுகிறேன். டாக்டர் ஓடலாம் என்று சொன்ன வாரம், ஒருநாள் வகுப்பு நடக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். அவள் வரிசையில் நின்றாள். நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. சப்பாத்தின் கொளுக்கிகளைப் போட்டேன், வரிசையின் கடைசியில் போய் நின்றேன். என் முறை வந்தது. சென்செய் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார்.

ஓடினேன். சுவர் பாதத்துக்கு வந்தது. வழித்துவிட்டேன், இன்னொரு அடி, விளிம்பு. நோவில் கண் இருண்டது, ஆனாலும் இடதுகையில் பாரத்தைப் போட்டு, முழங்கையைக் கொளுவி, மேலே ஏறிச் சுவருக்கு இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்தேன். நான் உறைகிறவள் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் ஏறினேன்.

கீழே ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லாரும். விடாமல் தட்டினார்கள். தச்சருக்குக் கண் கலங்கியிருந்தது. ஒரு பெண் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவர்கள் பார்த்தது சுவரில் ஓடி ஏறிய ஒருத்தியை அல்ல. தன் யுத்தத்தைத் தாண்டிவந்துவிட்ட ஓர் ஏதிலிப் பெண்ணைத்தான் பார்த்தார்கள். எனக்கு அந்த உயரத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. அவளும் அவர்களோடு சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள்.

இறங்கினேன். தச்சர் என்னைக் கட்டிப்பிடித்தார். அவரைத் தள்ளிவிட மனம் வரவில்லை. உடை மாற்றிக்கொண்டு, சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்குள் நான் போகவில்லை.

அவள் ஜப்பானுக்குப் போய்வந்தாள். வந்த பிறகு சிலதரம் ஃபோன் எடுத்தாள். அக்கா எடுத்து, "அவ இல்ல" என்று சொல்லி வைத்துவிடுவார், நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாலும். நாளாக ஃபோன் நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் எனக்கு நடந்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும். கார்டரியில் புதிதாக வந்த ஒரு தமிழ்ப் பிள்ளையின் அம்மாவிடம், மட்டக்களப்பில் நீங்கள் எந்தப் பள்ளிக்கூடம் என்று கதைத்துக்கொண்டிருந்தபோது, செத்தல் மிளகாயும் தும்மலும் நினைவில் வந்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்ன விதத்திலேயே அது எனக்கும் ஞாபகம் வரத் தொடங்கியிருந்தது. என்னிடம் இருந்ததை எடுத்துக்கொண்டு, மாற்றி, எனக்கே திருப்பித் தந்துவிட்டாள்.

சில வருடங்கள் கழித்து மெட்ரோவின் பச்சை லைனில், டவுன்டவுன் மேடையில் அவளைக் கண்டேன். கைக்குழந்தையை நெஞ்சோடு கட்டியிருந்தாள். தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். அவள்தான் முதலில் கிட்ட வந்தாள்.

"எப்படி இருக்கே?"

"இருக்கிறன்."

குழந்தையின் பெயரைச் சொன்னாள். நான் அதன் பாதத்தைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. பரீட்சை, வேலை, அப்பாவுக்கு வந்த வருத்தம் என்று கொஞ்சம் கதைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னும் என்மேல கோவமா?"

இல்லை என்று சொல்லுவேன் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டாள். முகமே அதற்குத் தயாராக இருந்தது. எனக்கும் அது நாக்கு நுனிவரை வந்தது. கைக்குழந்தைக்காரிக்கு வேறென்ன சொல்வது?

"ஓம்" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் அன்னைக்கே சென்செய்கிட்டச் சொல்லியிருக்கணும். எத்தனையோ வாட்டி நெனச்சிருக்கேன்."

"இப்பவும் சொல்லலாம். ஆள் இருக்கிறார்தானே. அவர் இன்னும் அங்கதான் படிப்பிக்கிறார்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் பகிடி விடுகிறேனா என்று பார்க்கிறாள் என்று விளங்கியது. ரயில் வருகிற காற்று சுரங்கத்துக்குள்ளிருந்து எங்கள் முகத்தில் அடித்தது. குழந்தையின் தொப்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பப் போயி எதுக்குடி" என்றாள். "எல்லாரும் மறந்துருப்பாங்க."

கதவு திறந்தது. அவள் ஏறினாள். உள்ளே ஓர் ஆள் எழும்பி அவளுக்கு இடம் கொடுத்தார். நான் அடுத்த ரயிலுக்காக மேடையில் நின்றேன்.